கொடுத்தவர் மறக்கலாம், வாங்கியவர் மறக்கலாமா?

 

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக நம் அறக்கட்டளை நிதி திரட்டியது. மூன்று ஜும்ஆக்களில் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்தோம். வளைகுடாவிலிருந்து சிலர் அனுப்பினார்கள். கொடுத்தவர்களில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு பெரியம்மாவும் இருந்தார். ஐந்நூறு ரூபாயைத் தாளில் மடித்து, தன் கையாலேயே எங்கள் அலுவலகத்தில் தந்துவிட்டுப் போனார்.

சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. நான்கு மாதத்தில் அந்தப் பிள்ளை வஃபாத்தாகிவிட்டான். மிஞ்சிய பணத்தை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு சகோதரிக்குக் கொடுத்தோம். கணக்கு நோட்டில் எழுதினோம். எல்லாம் சரியாக முடிந்தது என்றே நினைத்தோம்.

ஓராண்டு கழித்துப் பேருந்து நிலையத்தில் எங்களில் ஒருவரைப் பார்த்த அந்தப் பெரியம்மா, “தம்பி, அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்கான்? தினமும் இஷா தொழுதுட்டு அவனுக்குத்தான் துஆ கேட்கிறேன்” என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “கேட்ட துஆ வீணாப் போகாது. ஆனா எனக்குச் சொல்லியிருக்கலாமே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

ஒரு ரூபாய்கூடக் களவு போகவில்லை. ஆனாலும் ஓர் அமானிதம் தவறிப்போயிருந்தது. பணத்தை மட்டும்தான் அவர் எங்களிடம் ஒப்படைத்தார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அந்தப் பிள்ளையின் மீது அவர் வைத்த அக்கறையையும் சேர்த்தே ஒப்படைத்திருந்தார். அந்த அக்கறைக்கு நாங்கள் கணக்குக் காட்டவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பின், கொடையை நம்பி நடக்கும் பெரிய மருத்துவமனைகள் இதை எப்படிச் செய்கின்றன என்று விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டோம். அதைத்தான் இங்கே பகிர்கிறோம். கொடுப்பவர்களுக்கும், வாங்குபவர்களுக்கும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

கொடைக்கென்று ஓர் அலுவலகம்

வெளிநாடுகளில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளில் கொடையாளர் தொடர்புக்கென்றே தனி அலுவலகம் இருக்கும். நிதி கேட்பவர்கள் ஒரு பிரிவு. கொடை வந்த பிறகு அதைப் பேணுபவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டாவது பிரிவின் தலைவர் செய்யும் வேலை நாம் நினைப்பதுபோல் நன்றிக் கடிதம் எழுதுவது மட்டுமல்ல.

கொடை வந்ததும் ரசீதும் நன்றியும் தாமதமின்றிப் போக வேண்டும். கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை அவருடைய சொற்களிலேயே பதிய வேண்டும். குழந்தைகள் வார்டுக்கு வந்த பணம் குழந்தைகள் வார்டுக்குத்தான் போனதா என்று கணக்குப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, “உங்கள் கொடையால் இது நடந்தது, இது இன்னும் நடக்கவில்லை” என்று எழுத வேண்டும். நினைத்த காரியம் நடக்காமல் போனால் கொடுத்தவரிடம் முதலில் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு வேறு காரியத்துக்கு மாற்ற வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைத்தான் நாங்கள் செய்யத் தவறினோம்.

இதற்கெல்லாம் நம் வழக்கில் ஒரே சொல் போதும்: அமானிதம். வக்ஃபு சொத்துக்கு முத்தவல்லி எப்படியோ, கொடைப் பணத்துக்கு இந்த அலுவலகம் அப்படி. முத்தவல்லி சொத்துக்கு உரிமையாளர் அல்லர், காவலர். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது, நிலத்தை விற்கக் கூடாது, வாரிசாகப் பங்கிடக் கூடாது, அதன் விளைச்சல் இன்னின்னாருக்கு என்று நிபந்தனைகளை வகுத்தார்கள். பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்பதும் அதில் இருந்தது. மூலதனத்தைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் இன்றைய நிரந்தர நிதிகளின் வழிமுறையும் இதுவே.

நம் ஊரில் பிறந்த ஒரு பெண்

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் தேடினால், வழி நம் புதுக்கோட்டைக்கே திரும்பி வருகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று எதிர்ப்பு வந்தபோது, மன்னரே அனுமதி தந்து அவரைப் படிக்கவைத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை.

இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, பொதுமக்களிடம் கேட்டுப் பணம் சேர்த்தார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு இயங்கத் தொடங்கியது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். 1984-இல் அங்கே புற்றுநோய் மேற்படிப்புக்கான கல்லூரியும் தொடங்கப்பட்டது. முத்துலட்சுமியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுகிறார்கள். முடியாத பெரும்பான்மையினருக்குச் சிகிச்சை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கிறது. நம் மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய் வந்திருக்கின்றன. அங்கே ஏழைகளுக்கு ஆகும் செலவில் யாரோ முகம் தெரியாதவர்களின் கொடையும் சேர்ந்திருக்கிறது.

அந்த மருத்துவமனையின் தொடக்க காலத்தில், கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் ஒன்று கனடாவிலிருந்து கொடையாக வந்தது. அது மிகப் பெரிய உதவி. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோபால்ட்-60 என்ற அந்தக் கதிரியக்கப் பொருள் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் தன் வீரியத்தில் பாதியை இழந்துவிடும். வீரியம் குறையக் குறைய ஒரு நோயாளி இயந்திரத்தின் கீழே படுத்திருக்க வேண்டிய நேரம் கூடும். பிறகு புதிய மூலத்தை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே இயந்திரத்தைப் பெற்றுக்கொள்ளும் அன்றே, “அடுத்த முறை மூலம் மாற்ற யார் செலவு செய்வது?” என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நம் ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஆம்புலன்ஸ் வாங்கித் தர ஆள் கிடைப்பார். டீசலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்க மாட்டார். டயாலிசிஸ் இயந்திரம் வரும். சுத்திகரித்த தண்ணீருக்கும், வடிகட்டிக்கும், இயக்கத் தெரிந்த பணியாளருக்கும் மாதாமாதம் ஆகும் செலவை யாரும் பேச மாட்டார்கள். நல்ல மருத்துவமனை இதைக் கொடையாளரிடம் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடும். தேவைப்பட்டால், “இது இப்போது வேண்டாம், இதற்குப் பதிலாக அதைத் தாருங்கள்” என்றும் சொல்லும்.

ஒரு பெயர், நூற்றிருபது ஆண்டுகள்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதையில் நம் சமுதாயத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் திண்டிவனத்தில் டாக்டரான தம் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வருமாறு கேட்டார்கள். அவர்களில் ஒருவர் முஸ்லிம். ஐடா அப்போது மருத்துவம் படிக்கவில்லை. ஆண் டாக்டரான தந்தையை அழைத்துப் போக மூவரும் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவுதான் அவரை அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படிக்கவைத்தது. 1899-இல் படிப்பை முடித்தார். திரும்பும் முன் மருத்துவமனைக்கு நிதி கேட்டு அலைந்தபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. இன்று சி.எம்.சி. எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் வேலூரில் கண் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இன்றும் “ஷெல் ஆஸ்பத்திரி” என்றே சொல்கிறார்கள். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. கொடுத்த வாக்கு மட்டும் நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியும் காப்பாற்றப்படுகிறது. கொடையைப் பேணுவது என்றால் இதுதான்.

இன்னும் பின்னே போனால் கெய்ரோ. மம்லூக் சுல்தான் கலாவூன் ஆட்சிக்கு வருமுன் டமாஸ்கஸில் நோயுற்றபோது, அங்கிருந்த நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமானார். தாம் ஆட்சிக்கு வந்தால் இப்படியொரு மருத்துவமனை கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீசி குறிப்பிடுகிறார். 1284-இல் கெய்ரோவில் மன்சூரி மருத்துவமனை எழுந்தது. அதன் செலவுக்குக் கடைகளும் கட்டடங்களும் வக்ஃபாக எழுதிவைக்கப்பட்டன. குணமடைந்த நோயாளியே கொடையாளராவது என்பது இன்றைய அமெரிக்க மருத்துவமனைகள் கண்டுபிடித்த புதுமை அல்ல.

படுக்கையில் இருப்பவரிடம் கேட்கலாமா?

ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. உயிர் பிழைக்குமா என்று தெரியாமல் படுத்திருப்பவர் டாக்டரிடம் எதையும் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நேரத்தில் டாக்டரே கொடை கேட்டால் அது கொடையா, நெருக்கடியா? அதனால்தான் நல்ல நிறுவனங்களில் சிகிச்சை தருபவர் வேறு, நிதி பேசுபவர் வேறு என்று பிரித்துவைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் நோயாளியின் பெயர், முகவரி போன்ற சில விவரங்களைக் கொண்டு மருத்துவமனை கொடை கேட்க இடம் தருகிறது. கூடவே, “இனி என்னிடம் கேட்காதீர்கள்” என்று சொல்லும் உரிமையையும் நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. 1993-இல் அங்குள்ள நிதி திரட்டுவோர் அமைப்புகள் சேர்ந்து கொடையாளர் உரிமைப் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டன. கணக்கைப் பார்க்கும் உரிமை, கொடுத்த நோக்கத்துக்கே செலவாகும் என்ற உறுதி, கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஆகியவை அதில் உள்ளன.

கொடையாளருக்கும் எல்லை உண்டு. பெரிய தொகை கொடுத்தவரின் உறவினர் என்பதற்காக அறுவை சிகிச்சை வரிசையில் முன்னே போக முடியாது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதைப் பணம் கொடுத்தவர் முடிவு செய்ய முடியாது. உதவி பெற்றவரின் படத்தைத் தருமாறு கேட்பதும் முறையல்ல.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் நோயாளியின் முகத்தையும், மூக்கில் குழாயையும், ரேஷன் கார்டையும் போட்டுப் பணம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பணம் வேகமாக வந்தது. ஆனால் குணமான பிறகும் அந்தப் படம் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கொடுத்தவர் சொல்லிக்காட்டாவிட்டாலும் நடுவில் நிற்கும் நாங்கள் சொல்லிக்காட்டினால் அதுவும் அதே தவறுதான்.

நிய்யத் கலந்துவிடக் கூடாது

மற்ற மருத்துவமனைகளுக்கு இல்லாத ஒரு கூடுதல் பொறுப்பு நமக்கு இருக்கிறது. நம்மிடம் வரும் பணம் ஒரே வகை அல்ல.

ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. ஏழை நோயாளியின் மருந்துக்கு அது போகலாம். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போகாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஸதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வக்ஃபாகத் தந்ததைச் செலவழித்துத் தீர்க்க முடியாது. வங்கியில் சேர்ந்த வட்டியை நன்மையை நாடாமல் கைகழுவுவதற்காகத் தருபவர்களும் உண்டு. அதை ஜகாத்தோடு கலக்கவே கூடாது.

துண்டில் விழும் நூறு ரூபாய்த் தாள் இதில் எந்த வகை என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுப்பவர் சொன்னால்தான் தெரியும். ஆகவே தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள். சந்தேகமானால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பெயரைச் சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வியும் உண்டு. மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதுவது முதல் சலவைக்கல் வரை நம்மிடம் எல்லாம் இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் சிறந்தது என்று அல்பகரா 271-ஆம் வசனம் இரண்டுக்கும் இடம் தருகிறது. முடிவு கொடுப்பவருடையது. ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எங்கள் கடமை.

ரசீதும் சட்டமும்

ரசீது என்பது சம்பிரதாயம் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று நீண்டதொரு வசனமே இறங்கியிருக்கும் மார்க்கம் நம்முடையது.

80ஜி என்று நாம் அறிந்த வரிச்சலுகை, அதற்கென அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கோ மருத்துவமனைக்கோ கொடுத்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சலுகை இல்லை. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இச்சலுகை கிடையாது. வெறும் ரசீது போதாது. நிறுவனம் வருமான வரித்துறையின் தளத்தில் உங்கள் கொடையைப் பதிந்து எடுத்துத் தரும் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பகுதிகளில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய அரசின் தனிப் பதிவு வேண்டும். புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் அது வர வேண்டும். நம் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே அத்தகைய பணத்தை நாங்கள் வாங்குவதில்லை. பதிவுள்ள மருத்துவமனைகளுக்கு அவர்கள் நேரே அனுப்பலாம். உண்டியல் வழியாக வரும் பணத்தை எவ்வளவு அவசரமானாலும் வாங்க மாட்டோம். சிலருக்கு இதில் மனவருத்தம் உண்டு என்பதை அறிவோம். ஒரு நோயாளிக்காக வாங்கிய பணத்தால் அறக்கட்டளையின் கணக்கே முடக்கப்பட்டால், அடுத்த நூறு நோயாளிகளுக்கு வழி அடைபடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கொடை கேட்கும் முன் அரசு தருவதைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உண்டு. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அட்டை ஏற்கும் செலவுக்கு மக்களிடம் கேட்பது, அட்டை ஏற்காத செலவோடு நிற்கும் இன்னொருவரின் பங்கை எடுப்பதாகிவிடும். எங்களிடம் வருபவர்களிடம் முதல் கேள்வியாக அட்டையைக் கேட்பது இதனால்தான். சந்தேகப்பட்டு அல்ல.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அந்தப் பெரியம்மாவிடம் பதில் இல்லாமல் நின்ற நாளுக்குப் பிறகு சிலவற்றை மாற்றினோம். ரசீதில் ஜகாத், ஸதகா, வக்ஃபு, மற்றவை என்று நான்கு கட்டங்கள் வைத்தோம். ஜகாத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. ஒரு நோயாளிக்காகத் திரட்டும்போதே, “மிஞ்சினால் இன்னொரு நோயாளிக்குப் பயன்படுத்தலாமா?” என்று ரசீதில் கேட்கிறோம். நோயாளியின் படமும் பெயரும் வெளியிடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் உண்டு, லட்சம் கொடுத்தவருக்கும் உண்டு. நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும், நோயாளியின் குடும்பம் அனுமதிக்கும் அளவுக்குச் சொல்கிறோம்.

இந்த அழைப்பில் நாங்கள் பணம் கேட்பதில்லை. கேட்பதற்கு வேறு நாள் இருக்கிறது.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். நீங்கள் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எங்களிடம் மட்டுமல்ல, நீங்கள் கொடுக்கும் எந்த இடத்திலும் கேளுங்கள். கேட்பது சந்தேகம் ஆகாது. கேட்கப்படும் என்று தெரிந்தால் பொறுப்பாளர்கள் கவனமாக இருப்பார்கள். அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்கு நோட்டு எப்போதும் மேசை மேல்தான் இருக்கிறது.

அந்தப் பெரியம்மா இப்போதும் கொடுக்கிறார். சென்ற ரமளானிலும் வந்தார். ரசீது எழுதும்போது, “யாருக்குன்னு பேர் சொல்ல வேண்டாம் தம்பி. ஆம்பளைப் புள்ளையா, பொம்பளைப் புள்ளையான்னு மட்டும் சொல்லுங்க. துஆ கேட்கணும்” என்றார். சொன்னோம். இந்த முறை அந்தப் பிள்ளை வீடு திரும்பிவிட்டது. அதையும் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

கொடுத்தவர்களின் கொடையையும், சுமந்தவர்களின் அமானிதத்தையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.